நகாசுக்கு நான் சொன்ன விளக்கம்

நேத்து எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான்.

வீட்டம்மாவோட பதக்கத்துல வளையம் விட்டுப்போச்சு. அதைப் பத்தர்கிட்ட பத்தவச்சு, நகாசு வேலையும் முடிச்சு, நாலு மணிக்குள்ள சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு வரணும். வாசுதேவநல்லூர்ல அவ தங்கச்சி மகளுக்கு நிச்சயதார்த்தம். பெரியம்மா பதக்கம் இல்லாம போட்டோவுல நின்னா சொந்தக்காரங்க சும்மா விடுவாங்களா?

மூணு மணிக்கே பட்டறையில உக்காந்துட்டேன். பத்தர் பித்தளைக் குழலை வாயில வச்சு விளக்குத் தீயைப் பதக்கத்து மேல ஊதிக்கிட்டு இருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

நகாசுன்னா என்ன அர்த்தம்னு கேட்டேன்.

மரியாதை தெரிஞ்ச மனுசன். ஊதுறதை நிறுத்தி, குழலை வெளிய எடுத்து, “நேர்த்தியா, நுணுக்கமா முடிக்கிற வேலை அண்ணாச்சி”ன்னார். அதுக்குள்ள பதக்கம் ஆறிப்போச்சு.

அர்த்தம் சரி, சொல்லு எங்க பிறந்துச்சு? நகத்துல இருந்துதான், அந்தக் காலத்துல நகத்தாலயே தேய்ச்சு மினுக்கியிருப்பாங்கன்னு ஒரு ஆராய்ச்சியை அவுத்து விட்டேன். எங்கயும் படிச்சது இல்ல, அங்கன உக்காந்தே யோசிச்சது. வரிக்கு வரி, “என்ன சொல்லுதீங்க பத்தரே?”ன்னு வேற கேட்டேன். ஒவ்வொரு தடவையும் குழல் வெளிய வந்துச்சு, “ஆமா அண்ணாச்சி”ன்னார், மறுபடி முதல்ல இருந்து ஊதினார்.

பக்கத்துல கடையநல்லூர் பாய் ஒருத்தர் மகளோட வளையலுக்காகக் காத்திருந்தார். இருபது வருசம் சவுதியில இருந்தவராம்.

“தப்பா நினைக்காதீங்க. அரபியில நக்‌ஷ்னா செதுக்குறது, சித்திரம் போடுறது. அதைச் செய்யுதவரு நக்காஷ். உருது வழியா நம்மகிட்ட வந்திருக்கு.”

அதோட விட்டனா? நாமதான் அவங்களுக்கே கொடுத்திருப்போம்னு சொல்லி, பத்தர்கிட்ட நியாயம் கேட்டேன். குழல் வெளிய வந்துச்சு.

அப்ப போன் அடிச்சுது. பஸ் கிளம்பப் போகுதாம், அவ ஏறி உக்காந்துட்டாளாம். இன்னும் எவ்வளவு நேரமாகும்னு பத்தர்கிட்ட பதறினேன்.

அவர் குழலைத் துண்டால துடைச்சுக்கிட்டே நிதானமாச் சொன்னார்: “சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு அண்ணாச்சி. பதக்கம் வரணும்னா நீங்க கொஞ்சம் வெளிய நிக்கணும்.”

நின்னேன். பத்தே நிமிசத்துல வேலை முடிஞ்சுது.

அடுத்த பஸ்ல போய்ச் சேர்றதுக்குள்ள தட்டு மாத்தி, போட்டோவும் எடுத்து முடிச்சிருந்தாங்க. பதக்கம் என் சட்டைப்பையில அருமையா மின்னிக்கிட்டு இருந்துச்சு. வெக்கத்தோட, நடந்ததை ஒண்ணு விடாம அவகிட்ட ஒப்பிச்சேன்.

எல்லாத்தையும் கேட்டுட்டு அவ சொன்னா: “வாயை மூடிக்கிட்டு இருக்கதுக்கு அரபியில என்னன்னு அந்த பாய்கிட்ட கேட்டுட்டு வந்தீங்களா?”