சவாசனத்தில் தலை தூக்கியவர்கள்

ஒரு விதியைத் தெளிவாக எழுதி, எண் போட்டு, கீழே கையெழுத்தும் வைத்துவிட்டால் அது நடந்தேறிவிட்டது என்று நம்புகிறவர்கள் உண்டு. நான் அந்த இனம். முப்பத்து மூன்று ஆண்டுகள் வருவாய்த் துறையில் குப்பை கொட்டி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். மனுவில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். (செத்தவரே நேரில் வந்து நின்றிருந்தாலும் இறப்புச் சான்றின் நகல் கேட்டிருப்பேன்.)

ஓய்வுக்குப் பின் யோகா கற்றேன், ஆசிரியர் சான்றிதழ் வாங்கினேன், அல்லிநகரத்தில் எங்கள் வீட்டு மாடியில் வகுப்பு தொடங்கினேன். காலை ஐந்தரைக்கு ஆரம்பம். ஐந்து முப்பத்தொன்றுக்கு வருகிறவர்களைக் குறித்துக்கொள்ளத் தனி நோட்டு. இவ்வளவுக்கும் ஒன்பது ஆண்டுகளில் இருபது பேர் நிலைத்துவிட்டார்கள் என்றால் அது யோகத்தின் மகிமை, என்னுடையதல்ல.

அந்த நிலையில்தான் அனுபவமுள்ள ஆசிரியர்களுக்கான மேல்நிலைப் பயிற்சி அறிவிப்பு வந்தது. காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் பத்து நாள். தேறினால் புதிய ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கலாம். வகுப்பில் சொன்னேன்.

“அப்ப சாருக்குப் பிரமோசன்னு சொல்லுங்க,” என்றார் ஜப்பார் பாய். பூர்வீகம் உத்தமபாளையம், ஏலக்காய் வியாபாரி.

“அப்படியும் வைத்துக்கொள்ளலாம்,” என்றேன் அடக்கமாக. அன்றோடு தோற்கும் உரிமை எனக்குப் போய்விட்டது. இருபது பேர் மாலையோடு காத்திருக்கும்போது வெறுங்கையோடு எப்படித் திரும்புவது?

விண்ணப்பப் படிவத்தில் பன்னிரண்டாவது கட்டம்: ‘உடல்நலக் குறைபாடு ஏதும் உண்டா?’ ‘இல்லை’ என்று எழுதினேன்.

காபி கொண்டுவந்த என் மனைவி சரோஜா எட்டிப் பார்த்தாள். “முட்டிய எழுதலியா?”

இரண்டு வருடம் முன்பு பைபாஸில் ஸ்கூட்டர் சறுக்கியதிலிருந்து என் இடது முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. குனிந்து நிமிரும்போது அதைக் கையால் பிடித்துத் தூக்கிவிட வேண்டும்.

“அது குறைபாடு இல்லை. அசௌகரியம். அசௌகரியத்துக்குக் கட்டம் இல்லை,” என்றேன். அவள் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு ஒரு வருடத்துக்கு மேலாக இடுப்பு வலி. அதற்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது: வயசாகிறது.

பயிற்சியில் பன்னிரண்டு ஆசிரியர்கள். நடத்தியவர் குமுளிக்கு அந்தப் பக்கத்து மலையாள அம்மாள். ஐம்பது வயதிருக்கும், எல்லோருக்கும் டீச்சர். முதல் நாளே பாடத்திட்டம், கால அட்டவணை, மதிப்பெண் விவரம் மூன்றையும் எழுத்து மூலம் கேட்டேன்.

“மார்க்கா? பார்க்கலாம் சாரே,” என்றார்.

மூன்றாம் நாள், யோகத்தின் ஒழுக்க விதிகளான யமங்களைப் பற்றி ஆளுக்கொன்று பேசச் சொன்னார். எனக்கு வாய்மை. ஏழு உட்தலைப்புகளில் நாற்பது நிமிடம் பேசினேன். எட்டாவதற்குப் போகும்போது, “மதி சாரே,” என்றார். போதும் என்று அர்த்தம். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஆசனப் பயிற்சிக்குக் கடைசி வரிசை மூலை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்காலில் கை வைக்காமலே ஒன்பது நாளும் நிமிர்ந்துவிட்டேன். ஜெயித்துவிட்டதாக முடிவு செய்தேன்.

ஒன்பதாம் நாள் மாலை, “நாளைக்கு ஒவ்வொருத்தரும் சொந்த கிளாஸிலிருந்து மூணு பேரக் கொண்டு வரணும். அவங்க செய்வாங்க. நீங்க பின்னாடி சும்மா இருக்கணும். பேசக்கூடாது,” என்றார்.

“அறிவிப்பில் இந்த ஷரத்து இல்லையே,” என்றேன்.

“இருந்தா நீங்க அவங்கள ஒரு மாசம் பழக்கிக் கொண்டு வருவீங்க,” என்றார்.

மறுநாள் என் ஆட்கள் மாயாண்டியின் வேனில் வந்து இறங்கினார்கள். மாயாண்டி வடுகபட்டியில் பூண்டுக் கமிஷன் கடை வைத்திருப்பவர். கூட ஜப்பார் பாய், சரோஜா. ஒரு நாள்கூடத் தவறாமல் வருகிற மூன்று பேர். மூவருக்கும் வெள்ளைச் சட்டை. அந்த மட்டிலும் ஏற்பாடு என்னுடையது.

சூரிய நமஸ்காரம். கை கூப்பினார்கள், குனிந்தார்கள். அழகு. நிமிரும்போது மூன்று வலது கைகள் மூன்று வலது முழங்கால்களைப் பிடித்தன. மூன்று பேரும் இடது காலில் பாரத்தைப் போட்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, “ஸ்ஸ்... முருகா” என்று எழுந்தார்கள். பன்னிரண்டு சுற்று. பன்னிரண்டு முறையும் முருகா. எனக்கு முன்னால் இருந்த பதினொரு ஆசிரியர் முதுகுகளும் குலுங்க ஆரம்பித்தன.

பிறகு சவாசனம். இதிலாவது தப்பிக்கலாம் என்று நினைத்தேன். பிணம் போல் கிடப்பதில் என்ன தவறு வரும்? நான்காவது நிமிடம் மூன்று தலைகளும் ஒன்றாக மேலே எழும்பின. பயிற்சிக் கூடத்தின் எதிர்ச்சுவர் உச்சியைப் பார்த்தன. திருப்தியாக மறுபடி படுத்தன. எங்கள் மாடியில் அந்த இடத்தில்தான் நான் நேரம் பார்க்கும் கடிகாரம் மாட்டியிருக்கிறது. இங்கே அந்த இடத்தில் ஒரு பல்லி இருந்தது. அதுவும் திரும்பிப் பார்த்தது. (கண்ணை மூடுங்கள் என்று ஒன்பது வருடமாகச் சொல்லி வந்தேன். ஒருவரும் மூடவில்லை என்று அன்றுதான் தெரிந்தது.)

டீச்சர் அவர்களை உட்காரச் சொன்னார். “மூணு பேருக்கும் முட்டியில வேதனை உண்டா?”

“எனக்கில்லங்க,” என்றார் மாயாண்டி. “அப்படித்தான எந்திரிக்கணும்? சார் எந்திரிக்கிறாக, நாங்களும் எந்திரிக்கிறோம்.”

“அந்த முருகா?”

“அது மந்திரமாக்கும்னு நெனச்சோம்.”

“நான் முருகா சொல்லல டீச்சர்,” என்று ஜப்பார் பாய் அவசரமாகத் திருத்தினார். “அந்த எடத்துல நான் யா அல்லாம்பேன். சாருகிட்ட பெர்மிசன் வாங்கல. கோவிச்சுக்குவாகளோன்னு விட்டுட்டேன்.”

“தலை தூக்கினது?”

“செவுத்தப் பாத்துட்டுப் படுக்கணும். கழுத்துக்கு நல்லதாம்ல?” என்றார் மாயாண்டி.

தென்னந்தோப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். “இவங்க சாருக்கு எதிர நின்னு, கண்ணாடியில பாக்கற மாதிரி செய்யறாங்க. அப்போ சாருக்கு இடது முட்டி.”

நான் எழுந்து நின்றேன். “படிவத்தின் பன்னிரண்டாவது கட்டத்தில் தவறான தகவல் அளித்துள்ளேன்,” என்றேன். வேறு எப்படி ஒப்புக்கொள்வது என்று எனக்குத் தெரியாது.

“படிவம் ஆபீஸ்ல இருக்கும் சாரே. நான் பாக்கல.”

சொல்லிக்கொண்டே சரோஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் இடது இடுப்பில் விரலை அழுத்தினார். சரோஜா துள்ளினாள்.

“பாரமெல்லாம் இந்தப் பக்கம் போட்டிருக்கீங்க. எத்தன நாளா வலி?”

“ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு.”

“சாரிடம் சொல்லலியா?”

“சொன்னேன். வயசாச்சுன்னாக.”

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சிரித்திருக்கலாம். அந்த நிசப்தத்தைத் தாங்குவதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சான்றிதழ் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் டீச்சர் வாய்மொழியாக ஓர் உத்தரவு போட்டார்: முதலில் முழங்காலை டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆறு மாதம் நான் எதையும் செய்து காட்டக் கூடாது. சரோஜாவுக்கு அவரே ஒரு வாரம் சொல்லிக்கொடுப்பார். அவள் வகுப்பை நடத்துவாள். என் பாய் கடைசி வரிசையில்.

திரும்பும்போது வேனில் நானும் சரோஜாவும் பின் சீட்டில். சின்னமனூர் தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினேன்.

“நான் செய்வது தப்பு என்று உனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாமே.”

“ஒரு நிமிசம் லேட்டா வந்தாலே நோட்டுல ஏத்துவீக. தப்புன்னு சொன்னா எந்த நோட்டுல ஏத்துவீகளோ!” முகத்தை ஜன்னலோர வாழைத் தோப்புகள் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு மெதுவாக, “வலிக்குன்னு ஒரு தடவ நீங்க வாயத் திறந்திருந்தா நானும் திறந்திருப்பேன்,” என்றாள்.

நாற்பது நிமிடம் வாய்மையைப் பற்றிப் பேசியதில் நான் போய்ச் சேராத எட்டாவது உட்தலைப்பு அதுதான்.

முன் சீட்டிலிருந்து ஜப்பார் பாய் திரும்பினார். “விடுங்க சார். டிபார்ட்மெண்ட் பரீட்சன்னா ரெண்டாவது தடவதான் பாஸாகும்.”

சரோஜாவின் ஒரு வாரப் பயிற்சி முடிந்து நடந்த முதல் வகுப்பில் மாலை இல்லை. சரோஜா முன்னால் நின்றாள், நான் மாயாண்டிக்குப் பின்னால் நின்றேன். என் முழங்கால் விடுகிற அளவுக்குத்தான் நான் குனியலாம் என்று அவள் சொன்னாள். அந்த அளவு அவமானகரமாகச் சிறியது. ஆனால் வலிக்கவில்லை. அவள் இடுப்பு வலி குறைய நான்கு மாதம் பிடித்தது. ஒவ்வொரு நாளும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்த முதல் நாளே இன்னொன்றும் நடந்தது. சவாசனத்தில் படுத்தேன். தலையைத் தூக்கப் போனேன். நேரம் பார்ப்பது இப்போது என் வேலை இல்லை என்று நினைவு வந்தது. ஒன்பது வருடமாக ஊருக்கே ஓய்வெடுக்கச் சொல்லிக்கொடுத்த நான் ஒரு நாள்கூட அதைச் செய்ததில்லை. கிடந்தபடி காவல் காத்திருக்கிறேன், அவ்வளவுதான். கண்ணை மூடினேன்.

விழித்தபோது முகத்தில் வெயில். மாடியில் ஒருவரும் இல்லை. என் மேல் ஒரு போர்வை கிடந்தது. கீழே இருபது பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். என் குறட்டை சட்டினி அரைக்கும் சத்தத்தையும் மீறிக் கேட்டதாக மாயாண்டி சாட்சி சொன்னார்.

இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்திலோ டிவி முன்னாலோ நான் கொஞ்சம் கண்ணயர்ந்தால், யாராவது தட்டி எழுப்ப வருவார்கள். சரோஜா கையைக் காட்டித் தடுப்பாள்.

“எழுப்பாதீக. மேல்நிலைப் பயிற்சி நடக்குது.”