யப்பான் மாப்பிள்ளை

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துமூன்றாம் ஆண்டு தை மாதத்தில், உலக சமாதானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் தலையில் வந்து விழுந்தது. அது தபாலில் வந்தது. கொழும்பிலிருந்து வந்த அந்தச் சுற்றுநிரூபம், "இளைஞரை உலகப் பிரசைகளாக ஆயத்தஞ் செய்யும் பொருட்டுத் தக்க நடவடிக்கை எடுக்கப்படல் வேண்டும், எடுக்கப்பட்டமை பற்றி மூன்று பிரதிகளில் அறிவிக்கப்படல் வேண்டும்" என்று பணித்தது. உலகப் பிரசை என்றால் யார், அவனை எந்த அடுப்பில் வைத்து ஆயத்தஞ் செய்வது என்று அதில் ஒரு வரியும் இல்லை. மூன்று பிரதி என்பதற்குக் கீழே மட்டும் கோடு போட்டிருந்தது.

பிரின்சிபல் தியாகலிங்கம் கடமையில் பின்னிற்பவரல்ல. லண்டன் சர்வகலாசாலைப் பரீட்சைக்குப் படிக்கும் மேல்வகுப்பில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். ஜெனீவாவில் கூடும் சர்வதேச சங்கத்தைப் போல இங்கேயும் ஒரு மாதிரிச் சங்கம் கூட்டுவது, ஆளுக்கு ஒரு நாடு கொடுப்பது என்று தீர்மானித்தார். விதி ஒன்றே ஒன்று. பத்திரிகையில் அந்த நாடு என்ன செய்ததோ அதையே அந்தப் பெடியனும் சபையில் செய்ய வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

உரும்பிராய் ஆழ்வாப்பிள்ளைக்கு உலக சமாதானத்தில் அவ்வளவாக அக்கறை கிடையாது. புகையிலைத் தோட்டத்துக்கு இறைப்பு முடிந்தால் அவருக்கு உலகம் சமாதானமாகத்தான் இருந்தது. அவருடைய கவலையெல்லாம் மகள் மீனாம்பிகை. பத்தொன்பது வயது. சீதனமாக எழுதிக் கொடுக்கக் காணி போதாது. ஆனால் மூத்தவன் பஞ்சலிங்கம் மேல்வகுப்பில் படித்தான். அவனுக்குப் பெரிய இடத்தில் பெண் எடுத்தால், பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் நன்கொடைக் காணியை அப்படியே மகளுக்குத் திருப்பிவிடலாம். மகனை வைத்து மகளைக் கரைசேர்ப்பது ஊர் வழக்கம். அவர் மட்டும் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல.

இந்தச் சமயத்தில்தான் தரகர் தம்பிராசா வந்தார். புத்தூர் உடையார் கனகசபாபதியின் ஒரே மகள் குணலட்சுமிக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள் என்றார்.

"உடையார் ஒண்டுதான் கேட்டவர், அண்ணை. பெடியன் என்ன நாடு?"

"என்ன நாடோ? உரும்பிராய்தான்."

"அதில்லை. கல்லூரியிலை நாடு குடுக்கினமல்லோ. பெரிய பிரித்தானியா எண்டால் கல்வீடும் பத்துப் பரப்புத் தோட்டமும். பிரான்சு எண்டால் வீடு மட்டும். பராகுவேயை இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை."

"பெடியன் இன்னும் சோதினை பாஸ் பண்ணேல்லையே, தம்பிராசா?"

"சோதினை பாஸ் பண்ணினவை சந்திக்குச் சந்தி நிக்கினம், அண்ணை. நாடு பதினெட்டுத்தான்."

இந்தக் கணக்கில் ஆழ்வாப்பிள்ளையால் ஒரு பிழையும் பிடிக்க முடியவில்லை. மறுநாள் விடிய ஒரு கதலிக் குலையை வண்டிலில் ஏற்றிக்கொண்டு பிரின்சிபல் வீட்டுக்குப் போனார். அங்கே விறாந்தையில் ஏற்கெனவே ஒன்பது குலைகள் இருந்தன.

"ஐயா, பெரிய பிரித்தானியா கிடக்கோ?"

"அது முடிஞ்சுது, ஆழ்வாப்பிள்ளை. என்ரை மருமோன் இராசநாயகத்துக்குக் குடுத்திட்டன். முகவெட்டு அப்பிடி."

"பிரான்சு?"

"நேற்றுப் பின்னேரம் போட்டுது."

"அப்ப என்னதான் மிச்சம்?"

பிரின்சிபல் கொப்பியைப் புரட்டினார். "யப்பானும் பராகுவேயும்."

ஆழ்வாப்பிள்ளை யோசித்தார். வீட்டிலிருக்கும் குடை யப்பான். மனுசி முகம் பார்க்கும் கண்ணாடி யப்பான். பீங்கான் கோப்பை யப்பான். பராகுவேயிலிருந்து இதுவரை வீட்டுக்கு ஒரு ஊசிகூட வந்ததில்லை. யப்பானைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். சேதி புத்தூருக்குப் போனது. உடையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "யப்பானுக்கு ராசா இருக்கிறாரோ?" என்று மட்டும் கேட்டாராம். சக்கரவர்த்தியே இருக்கிறார் என்றதும், கல்வீடும் பத்துப் பரப்பும், நன்கொடையாக வேறு நாலு பரப்பும் என்று பேச்சு முற்றாகியது. நாலு பரப்பு என்று கேட்டதும் ஆழ்வாப்பிள்ளை எழுந்து போய்க் கிணற்றடியில் முகத்தைக் கழுவினார். மகளுக்கு விடிந்துவிட்டது என்று அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

மாசி முடியுமுன் ஒரு சனிக்கிழமை சங்கம் கூடியது. மண்டபம் முழுக்கச் சனம். பதினெட்டு நாடுகளும் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டி, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தன. கோட்டுகளில் பாதி இரவல். பிரதம விருந்தினராக உடையார் கனகசபாபதி தலைப்பாகையோடு நடுநாற்காலியில் வீற்றிருந்தார். அவர் முன்னால் வெத்திலைத் தட்டம். சபை கலையும்போது ஒவ்வொரு நாடும் வந்து வெத்திலை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஜெனீவாவில் வெத்திலை இல்லை என்பது பிரின்சிபலுக்கும் தெரியும். ஆனால் வெத்திலை வைக்காமல் கூட்டினால் அது சபையா?

அன்றைய வழக்கு மஞ்சூரியா. யப்பான் சீனத்துக்குள் புகுந்து மஞ்சூரியாவைப் பிடித்தது சரியா பிழையா என்பது கேள்வி. மற்ற ஊர்களில் இதை விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் பிடித்திருக்கும். இங்கே அந்தச் சிரமம் இருக்கவில்லை.

"வேலியைத் தள்ளி அடைச்சிட்டான்" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"எத்தினை முழம்?" என்று கேட்டார் பக்கத்திலிருந்தவர்.

உடையாருக்கும் வழக்குப் பிடித்துப்போனது. "மஞ்சூரியாவின்ரை காணி உறுதி ஆரிட்டைக் கிடக்கு?" என்று சீனத்தைக் கேட்டார். சீனம் என்பது குருநகர்க் கனிசியஸ். உறுதி பற்றிப் பத்திரிகையில் ஒன்றும் வராதபடியால் அவன் வாய் திறக்கவில்லை. வருங்கால மாமனார் மாப்பிள்ளையின் வேலியில் இவ்வளவு அக்கறை காட்டுகிறாரே என்று ஆழ்வாப்பிள்ளை பூரித்துப்போனார்.

வாக்கெடுத்தார்கள். யப்பான் செய்தது பிழையென்று பதினாறு நாடுகள் கை தூக்கின. சயாம் பேசாமல் இருந்தது. பத்திரிகையிலும் அது பேசாமல்தான் இருந்தது. யப்பான் ஒன்றே எதிர். பஞ்சலிங்கம் எழுந்தான். கோட்டுப் பொத்தானைப் போட்டான். "இந்தச் சங்கத்தோடு ஒத்துழைக்கும் முயற்சிகள் எல்லை கடந்துவிட்டன என வருத்தத்துடன் அறிவிக்கிறேன்" என்றான். தொப்பியை எடுத்துக்கொண்டு, உடையாரின் நாற்காலிக்கு முன்னால், வெத்திலைத் தட்டத்தைத் தாண்டி, விறுவிறென்று வெளியே போனான்.

ஒண்டுக்குப் போறானாக்கும் என்று ஆழ்வாப்பிள்ளை நினைத்தார். கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெடியன் வரவில்லை. தரகர் தம்பிராசாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. பெண் கொடுக்க வந்தவர் இருக்கும் சபையில், வெத்திலை எடுக்காமல் எழும்பிப் போனால் அதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரே கருத்துத்தான்: சம்பந்தம் வேண்டாம்.

உடையார் எழுந்தார். "நான் இருக்கிற சபையிலை இருந்து எழும்பிப் போனவன் என்ரை படலைக்குள்ளை கால் வைக்கப்படாது" என்று சொல்லிவிட்டு வில்லுவண்டியில் ஏறிவிட்டார். மண்டபம் கைதட்டியது. இதுவும் நிகழ்ச்சியில் உள்ளதாக்கும் என்று சனம் நினைத்தது.

ஆழ்வாப்பிள்ளை மகனை விளையாட்டுத் திடலில் பிடித்தார்.

"எடேய், ஏன்ரா எழும்பிப் போனனி?"

"அப்பு, யப்பான் போட்டுது."

"யப்பான் போனால் போகட்டும், நீ ஏன்ரா போனனி?"

"நான்தானே அப்பு யப்பான்!"

"நீ யப்பான் எண்டால், உன்ரை தங்கச்சியை ஆரடா கட்டிக்குடுக்கிறது? சீனமோ?"

பஞ்சலிங்கத்துக்கு இது பத்திரிகையில் வராத கேள்வி. ஆழ்வாப்பிள்ளை நேரே பிரின்சிபலிடம் போய், பெடியன் மஞ்சூரியாவை இப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து இருக்கத் தயார், வேண்டுமானால் சீனத்துக்கு மேலதிகமாக ஒரு குலை வாழைப்பழமும் தருகிறோம் என்றார். பிரின்சிபல் ஒத்துக்கொள்ளவில்லை.

"ரோக்கியோவிலை இருந்து சேதி வராமல் நான் ஒண்டும் செய்யேலாது, ஆழ்வாப்பிள்ளை. சட்டமெண்டு ஒண்டிருக்கு." ஜெனீவாச் சங்கத்தின் சட்டப் புத்தகத்தை எடுத்து, சட்டம் இருப்பதை ஆழ்வாப்பிள்ளைக்குக் காட்டுவதற்காகத் தமிழில் சொல்லி வாசித்தார். "சங்கத்தை விட்டு விலக விரும்பும் நாடு இரண்டு வருட முன்னறிவித்தல் கொடுத்து..."

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா. உதைத் திருப்பி வாசியுங்கோ."

பிரின்சிபல் திருப்பி வாசித்தார். பத்து வருசம் வேலி வழக்குப் பேசின தலை ஆழ்வாப்பிள்ளையுடையது. புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு அடுத்த நாளே புத்தூருக்குப் போனார்.

உடையார் அவரை இருக்கச் சொல்லவில்லை. ஆழ்வாப்பிள்ளை நின்றபடியே புத்தகத்தை நீட்டினார்.

"சட்டப்படி என்ரை பெடியன் இன்னும் எழும்பேல்லை, உடையார். அவன் எழும்பினது ரெண்டு வருசம் கழிச்சுத்தான் எழும்பினதாகும். அதுவரைக்கும் அவன் உங்களுக்கு முன்னாலை இருக்கிறான்."

உடையார் புத்தகத்தை வாங்கினார். "அச்சிலை கிடக்கோ?" என்று கேட்டார்.

"அச்சிலைதான்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தரம் வாசித்தார். முப்பது வருசம் அரசாங்கத்துக்கு உத்தியோகம் பார்த்தவர். கண்ணால் கண்டதையா, அச்சில் உள்ளதையா நம்புவது என்ற கேள்வி அவருக்கு வாழ்நாளில் எழுந்ததில்லை. "அப்ப நான்தான் பிழையாய்க் கண்டிருக்கிறன்" என்றார்.

அந்த நேரம் அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குணலட்சுமியின் குரல் வந்தது. "ஐயா, நான் பிறந்த நாள் தொடக்கம் உங்களுக்கு முன்னாலை ஒருத்தரும் எழும்பிப் போனதை நான் காணேல்லை. நீங்கள் கதைச்சு முடியுமட்டும் எல்லாரும் இருந்து தலையாட்டுவினம். ஒருத்தர் எழும்பினவராம் எண்டு கேள்விப்பட்டன். எனக்கு அவர் போதும்."

ஆக, மாப்பிள்ளை எழும்பவில்லை என்பதால் தகப்பனார் சம்மதித்தார்; எழும்பினான் என்பதால் மகள் சம்மதித்தாள். வைகாசியில் கலியாணம் நடந்தது. நாலு பரப்பும் மீனாம்பிகை பேருக்கு எழுதியாயிற்று.

அதோடு ஆழ்வாப்பிள்ளை சும்மா இருந்திருக்கலாம். மனுசனால் முடியவில்லை. "உடையாருக்கு முன்னாலை எழும்பிப் போன பெடியன்ரா!" என்று சந்தையிலும் கோயில் வீதியிலும் சொல்லித் திரிந்தார். எழும்பிப் போனதால்தான் சம்பந்தம் வந்தது என்று ஊர் விளங்கிக்கொண்டது. ஆவணிக்குள் வலிகாமம் முழுவதும் அது பரவிவிட்டது. முன்பெல்லாம் கலியாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வருவதில்லை. இப்போது எழும்பிப் போவதற்கென்றே கோட்டோடு வந்தார்கள். எந்த நேரத்தில் எழும்ப வேண்டும் என்று தரகர்மார் சாடை காட்டினார்கள். படலைவரை போய், கூப்பிடும்வரை நின்று, இரண்டு பரப்புக் கூடினால் திரும்பி வருவது முறையாயிற்று. எழும்பிப் போகாத மாப்பிள்ளையிடம் ஏதோ குறை இருக்கிறதென்று பெண்வீட்டாரே சந்தேகப்பட்டார்கள்.

ஐப்பசியில், ஆழ்வாப்பிள்ளை வீட்டில் சபை கூடியது. மீனாம்பிகையைக் கேட்டு வந்தவன் வேறு யாருமல்ல, பெரிய பிரித்தானியா இராசநாயகம். மாமன் என்ற முறையில் பிரின்சிபலும் வந்திருந்தார். கொழும்புக்கு அனுப்பும் அறிக்கையை மடியிலிருந்து எடுத்து வாசித்துக் காட்டினார். "இப்பகுதி இளைஞர் இப்போது எல்லா விடயத்திலும் உலகத்தைப் போலவே நடந்துகொள்கின்றனர்" என்று எழுதியிருந்தது. மூன்று பிரதிகளிலும் அப்படியே இருந்தது.

ஆழ்வாப்பிள்ளை நாலு பரப்பு என்று சொல்லி வெத்திலைத் தட்டத்தை நகர்த்தினார். இராசநாயகம் எழுந்தான். கோட்டுப் பொத்தானைப் போட்டான்.

"தம்பி, தம்பி! நீர் பெரிய பிரித்தானியா அல்லோ! அது இன்னும் சங்கத்திலைதானே இருக்கு!"

"அது ஜெனீவாவிலை" என்றான் அவன். "இது உரும்பிராய்."

அவனுடைய ஆட்களும் சால்வையை உதறிக்கொண்டு பின்னால் போனார்கள். ஆழ்வாப்பிள்ளை படலைவரை ஓடினார். கூட்டிக் கொடுக்க இன்னொரு பரப்பு இல்லை. கையில் இருந்தது சட்டம் மட்டுந்தான்.

"ரெண்டு வருசம் ஆகாமல் எழும்பினது எழும்பினதில்லை, தம்பி! அச்சிலை கிடக்கு!"

"ஓம், மாமா, தெரியும்" என்றான் இராசநாயகம் மிகவும் மரியாதையாக. "அதுதான் அவசரமில்லை. ரெண்டு வருசம் ஆறுதலாய் இருந்து யோசியுங்கோ. அதுவரைக்கும் நான் இருக்கிற மாதிரித்தான். வேறை ஒருத்தருக்கும் பேசிப்போடாதேங்கோ."

ஆழ்வாப்பிள்ளை திரும்பி வந்தார். நடையில் பஞ்சலிங்கம் பத்திரிகையும் கையுமாக நின்றான். "அப்பு, செருமனியும் சங்கத்தை விட்டுப் போட்டுதாம்" என்றான். அவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் பத்திரிகையை மடித்துக்கொண்டான். சபையில் மிச்சமிருந்தவர் பிரின்சிபல் ஒருவர்தான்.

மீனாம்பிகை புதுச் சீலையோடு கதவடியில் வந்து நின்றாள். அவள் அழவில்லை. அதுதான் தகப்பனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"அண்ணை எழும்பினார், அண்ணி கிடைச்சா. இவர் எழும்பினார், எனக்கு ரெண்டு வருசம் கிடைச்சிருக்கு" என்றாள். பிறகு பிரின்சிபலைப் பார்த்துக் கேட்டாள். "ஐயா, பொம்பிளைப் பிள்ளையள் எழும்பிப் போனால் அதுக்கு என்ன சட்டம்?"

பிரின்சிபல் கேள்விகளை மதிப்பவர். மூன்று பிரதிகளையும் மடியில் வைத்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தார்.

"அதைப்பற்றிக் கொழும்பிலை இருந்து இன்னும் ஒண்டும் வரேல்லை, பிள்ளை" என்றார். வெத்திலையை எடுக்காமல் அவரும் எழும்பினார்.