பதினெட்டு அறை முதுகுப்பை குறித்து மைத்துனனுக்கு

வில்லோ ஃபோர்க், மிசௌரி
ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள மைத்துனன் கர்டிஸுக்கு,

உன் அக்காள் கணவன் லாயிட் எழுதுவது. நான் நலம். நாயும் நலம். உன் அக்காள் வெர்னா, உங்கள் பெரியக்காளின் முழங்கால் அறுவைக்குத் துணையாக லிட்டில் ராக் போய் மூன்று வாரம் ஆகிறது. தொலைபேசியில் கேட்ட வரைக்கும் அவளும் நலம், முழங்காலும் நலம். இன்று சாயங்காலம் திரும்பி வருகிறாள். துல்சாவில் நீயும் உன் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும் என்று இந்த இடத்தில் எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய ராணுவப் பாணி முதுகுப்பையைப் பற்றித்தான். என் பழைய தோல்பையின் வார் ஜூன் மாதம் அறுந்துபோனதை வெர்னா உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் ஊருக்குப் போன மறுநாளே பெட்டி வந்து இறங்கியது. உள்ளே நீ இணையத்தில் எழுதுகிற மதிப்புரையின் பிரதியும் இருந்தது. முதுகுப்பைகளுக்கு மதிப்பெண் போடுவதையே ஒரு பிழைப்பாக வைத்திருக்கிறாய் என்று தெரியும். அதை இதுவரை நான் கேலி செய்ததில்லை. 'அன்றாட வாழ்க்கைக்கும் மடிக்கணினிக்கும் இதைவிடச் சிறந்த பை கிடையாது, ஒரு மாதம் சோதித்துப் பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன்' என்று எழுதியிருந்தாய். கூடவே இருந்த படத்தில் பை உன் வீட்டுச் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கர்டிஸ், அந்த ஒரு மாதத்தில் அது சோபாவை விட்டு இறங்கியதா இல்லையா? எனக்கு அது மட்டும் தெரிந்தாக வேண்டும்.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. காலிப் பையே ஒரு கைக்குழந்தையின் கனம். அறைகள் பதினெட்டு. பதினெட்டு அறை உள்ள பையில் ஒரு கார்ச் சாவியைப் போட்டால் அது எந்த அறையில் இருக்கிறது என்று சாவிக்கே தெரியாது. தேடித் தேடி ஒட்டுப்பட்டைகளைப் பிய்த்தெடுக்கிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, என்ன கிழிந்தது என்று கேட்டார். நான் வேலை பார்க்கிற மாவட்ட அலுவலக வாசலில் சோதனைக்கு நிற்கிற மெர்ல் இருக்கிறானே, என்னோடு இருபத்திரண்டு வருடமாக வானிலை பேசுகிறவன், அவன் விதிப்படி பதினெட்டு அறையையும் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. எனக்குப் பின்னால் கார்ப் பதிவுக்கு வந்த கூட்டம் தெருவரைக்கும் நின்றது. பதினெட்டும் முடிந்து நான் பையைத் தூக்கப் போகும்போது, முதுகுப் பக்கம் விரலை விட்டுப் பார்த்த மெர்ல் பத்தொன்பதாவதைக் கண்டுபிடித்தான். அதற்குள் முழங்கை நீளத்துக்கு ஒரு கத்தி! நீ அன்போடு வைத்து அனுப்பிய கத்தி!

மெர்ல் அதை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னான்: "லாயிட், உன்ன இருபத்திரண்டு வருஷமாத் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னான். கத்தியைப் பறிமுதல் செய்து ரசீது கொடுத்தான். அன்றிலிருந்து அவன் என்னிடம் வானிலை பேசுவதில்லை.

அது போகட்டும். மறுநாள் காலை, நெடுஞ்சாலை உணவகத்தில் முட்டையும் சோளக்கஞ்சியும் சாப்பிட உட்கார்ந்தேன். பக்கத்து மேசையிலிருந்து லாரி ஓட்டுநர் ஒருவர் எழுந்து வந்து, பையைப் பார்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, நாட்டுக்காக நான் பட்டதற்கெல்லாம் நன்றி என்றார். நான் பட்டாளத்துக்காரன் இல்லை, வரி அலுவலகத்தில் வீடுகளுக்கு மதிப்புப் போடுகிறவன் என்று சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "புரியுதுங்கய்யா. வெளிய சொல்ல முடியாத வேல."

நான் மறுக்க மறுக்க அவருக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. சாப்பாட்டுக்குப் பணமும் அவரே கொடுத்துவிட்டார். நான்கு பேர் எழுந்து நின்றார்கள். உனக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். பத்தொன்பது வயதில் நான் பட்டாளத்தில் சேரப் போய், தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பப்பட்டவன். அதை உன் அக்காளைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அன்று அந்த முட்டையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தேன். உன் மதிப்புரையில் இதற்கு எத்தனை மதிப்பெண் குறைத்திருக்கிறாய் என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இதற்கெல்லாம் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். எழுத வைத்தது புதன்கிழமை. ஸ்ட்ரிக்ளர் அம்மாள் என்று எண்பத்தோரு வயது விதவை, ஊருக்கு வெளியே பண்ணையில் தனியாக இருக்கிறார். அவருடைய பண்ணை வீட்டுக்கும் தானியக் கொட்டகைக்கும் மறுமதிப்பு போட வேண்டிய முறை வந்தது. எப்போதும் நான் சாலையிலேயே காரை நிறுத்திப் பார்த்து எழுதிவிடுவேன். இந்த முறை புது மேலதிகாரி, என் மகள் வயது, எல்லோரும் இறங்கி நடந்துதான் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தாள். இறங்கி நடந்தேன். மார்பில் ஒரு வார், இடுப்பில் ஒரு வார், முதுகில் உன் கருப்புப் பை. பாதி வழியில் ஏழெட்டு வாத்துகள் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடி வந்தன. அவற்றுக்குப் பின்னால் வாசற்படியில் அம்மாள் துப்பாக்கியோடு நின்றார். நான் திரும்பி ஓடி முள்கம்பி வேலியைத் தாண்டினேன். நான் தாண்டினேன், பை தாண்டவில்லை. வெளிப்புறம் முழுக்க வரிசை வரிசையாக நாடா தைத்திருக்கிறார்களே, 'எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம்' என்று நீ புகழ்ந்த நாடா, அது வேலிக் கம்பத்து ஆணியில் மாட்டிக்கொண்டது. தரைக்கு அரையடி மேலே நான் வௌவால் போலத் தொங்கினேன். என் கனம் இழுத்ததால் கொக்கிகள் திறக்கவில்லை. எதற்கும் கிழியாத துணி என்று எழுதியிருந்தாயே, அது மட்டும் உண்மை. கிழிந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

அம்மாள் நிதானமாக நடந்து வந்து, யார் என்று கேட்டார். வரி அலுவலகம் என்றேன்.

"பையப் பாத்ததும் வீட்டக் காலி பண்ண ஆளு வந்துட்டான்னு நெனச்சேன்," என்றார். "ரொம்பத் தப்பா ஒண்ணும் நெனச்சுடல போலிருக்கு."

அவர் ஏணி கொண்டுவரப் போனார். திரும்பி வரக் கால் மணி நேரம் ஆயிற்று. தொங்குகிறவனுக்கு வேறு வேலை ஏது, கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கர்டிஸ், அந்தக் கொட்டகைக்குப் பின்பக்கமே இல்லை. கூரை பாதி தரையில் கிடந்தது. அதற்குள் ஒரு மரம் என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற முன்சுவர் மட்டும் சிவப்புப் பூச்சோடு நிமிர்ந்து நின்றது. அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நான் ஒவ்வொரு தடவையும் 'நல்ல நிலை' என்று எழுதியிருக்கிறேன்.

அம்மாள் என் காலை ஏணிப் படியில் ஊன்ற வைத்து, கனம் தளர்ந்ததும் ஒவ்வொரு கொக்கியாக விடுவித்தார். நான் இந்தப் பக்கம் விழுந்தேன், பை அந்தப் பக்கம் கல்லின்மேல் விழுந்தது. மடிக்கணினி அறை நேரே பையின் அடிவரைக்கும் இறங்குகிறது, அடியில் ஒரு விரல் பஞ்சுகூட இல்லை. திரை சிலந்தி வலை போல விரிந்தது. இரண்டு மாத வேலை, நாற்பது வீட்டுப் படங்கள், எல்லாம் போயிற்று. நான் உன் பெயரைச் சொல்லி, இங்கே எழுத முடியாத ஒன்றைச் சொன்னேன். அம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொட்டகைப் பக்கம் கையைக் காட்டிக் கேட்டார்.

"இது சாஞ்சு பதினோரு வருஷமாச்சு, தம்பி. வரியக் கொறைக்கச் சொல்லி ரெண்டு தடவ மனு போட்டேன். எங்க ஆளு நேர்ல பாத்துட்டாருன்னு பதில் வந்துச்சு. அந்த ஆளு யாரு?"

நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை. "காருல இருந்து எறங்கவே இல்லையா?" என்று மட்டும் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு குவளை மோர் கொண்டுவந்து வேலிமேல் வைத்துவிட்டு, வாத்துகளைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த மோரைக் குடித்த எரிச்சலை யாரிடம் காட்டுவது? உன்னிடம்தான். வியாழக்கிழமை மேலதிகாரி முன்னால் நின்று, மடிக்கணினி உடைந்ததையும் சொன்னேன், கொட்டகையையும் சொன்னேன். முதலாவதைச் சொல்வது சுலபமாக இருந்தது. அவள் அம்மாளின் மதிப்பைப் பதினோரு வருடத்துக்கும் திருத்த உத்தரவிட்டாள். நான் இதுவரை எழுதிய எல்லாக் கொட்டகைகளையும் பின்பக்கமாகச் சுற்றிவந்து பார்த்து மறுபடி எழுத வேண்டும் என்றும் உத்தரவிட்டாள். மொத்தம் இருநூற்றுப் பதினாறு. இந்தத் தட்டைப் பாதங்களோடு! சோபாவில் உட்கார்ந்தபடி ஒரு பைக்கு மதிப்பெண் போடுகிறவன் எவ்வளவு பெரிய அயோக்கியன் என்று மேலே எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்து அந்த வரியை மட்டும் அடித்துவிட்டேன். காரணம் உனக்கே புரியும். மற்ற எல்லா வரிகளும் அப்படியே நிற்கின்றன. அந்தப் பையை நாளைக் காலை தபாலில் திருப்பி அனுப்புகிறேன். இனி இந்த வீட்டுக்கு நீ ஒரு கைக்குட்டைகூட அனுப்ப வேண்டாம். வெர்னாவிடம் இதுவரை நான் மூச்சு விடவில்லை. உன்னைக் குறை சொன்னால் அவள் தாங்க மாட்டாள்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். கடவுள் உனக்கு நீண்ட ஆயுளையும், வீட்டை விட்டு வெளியே போகிற ஒரு வேலையையும் அருளட்டும்.

இப்படிக்கு,
லாயிட் ஹெம்ப்ஹில்

பி.கு.: வெர்னா இப்போதுதான் வந்து சேர்ந்தாள். கூடத்தில் பையைப் பார்த்ததும், "வந்துடுச்சா!" என்று அதைக் கட்டிக்கொண்டாள். பெட்டியின்மேல் 'வெ. ஹெம்ப்ஹில்' என்றுதான் இருக்கிறதாம், நான் பின்பாதியை மட்டும் படித்திருக்கிறேன். காட்டில் வழி தவறினவர்களைத் தேடிப் போகிற தொண்டர் குழுவில் இந்த வசந்தத்தில் சேர்ந்தாளாம். என்னிடம் சொன்னாளாம், நான் தலையாட்டினேனாம். பையை உன்னிடம் கேட்டு வாங்கியது அவள். கயிறு அறுக்கக் கத்தி வேண்டும் என்று கேட்டதும் அவள்தான். மடிக்கணினிக்கு அடியில் வைக்கிற பஞ்சுத்தட்டு எங்கே என்று கேட்டாள். பெட்டியோடு வந்த அதை நான் நாய்க்குப் படுக்கையாகப் போட்டிருந்தேன். என் தோல்பை வாரைப் பற்றி அவள் உன்னிடம் பேசவே இல்லையாம். இப்போது பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அவளுக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. அருமையான பை, உனக்கு நன்றி சொல்லி எழுதச் சொல்கிறாள். எழுதியாயிற்று என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினது, எனக்குக் கை வரவில்லை. நீயே கிழித்துவிடு.