இடப்பக்கச் செயின்

"பாய், செயின் இடப்பக்கம் இருக்கு" என்றான் கருப்பணன்.

அலி அக்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். கழற்றிவிட்டும் பார்த்தார். செயின் நகரவில்லை.

"எல்லா சைக்கிளுக்கும் வலப்பக்கந்தான பாய் இருக்கும்? பொம்மை சைக்கிளுக்குக்கூட அப்படித்தான்."

கருப்பணன் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரன். காலண்டர் புரூஃப் எப்படி இருக்கிறது என்று பாராட்டு வாங்கக் கூப்பிட்ட ஆள். கூப்பிட்டிருக்கக் கூடாது.

விருதுநகர் பஜாரில் அலி அக்பருக்குப் 'பருப்பு அக்பர்' என்று பெயர். அவருடைய அத்தாவுக்கும் அதுதான் பெயர். தனக்கென்று வேறொரு பெயர் வாங்காமல் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்ற கவலை நாற்பதைத் தாண்டியதும் அவருக்கு வந்தது. கூடவே லேசாகச் சர்க்கரையும் வந்தது. டாக்டர் நடக்கத்தான் சொன்னார். ஆனால் அக்பர் மொத்த வியாபாரி, எதையும் சில்லறையில் வாங்கிப் பழக்கமில்லை. மதுரையில் தை மாதம் நடக்கவிருந்த டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றும் ஒரே மூச்சில். கிணற்று நீச்சல் கைவசம் இருந்தது. ஓட்டத்தை அதிகாலையில் பழகிக்கொண்டார். சைக்கிள்தான் இல்லை.

எதை வாங்குவது என்று இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து தேடத் தேடக் குழப்பம் கூடியது. அதற்குள் சிவகாசியில் காலண்டர் ஆர்டர் முடியும் நேரம் வந்துவிட்டது. சிவகாசி யாருக்காகவும் காத்திருக்காது.

அக்பர் டிரேடர்ஸ் காலண்டரில் வருஷா வருஷம் அருவிப் படம்தான். அருவிக்கு மதம் கிடையாது, எந்த வாடிக்கையாளர் வீட்டுச் சுவரிலும் தொங்கும். இந்த வருஷம் தானே தொங்குவது என்று அக்பர் முடிவு செய்தார்.

"சைக்கிளும் வாங்கல, போட்டிக்கும் போகல. அதுக்குள்ள படமா?" என்றார் மனைவி நசிமா. "பேசாம அருவியையே போடுங்க."

"அருவி என்னத்தைச் சாதிச்சிருக்கு? அது பாட்டுக்கு விழுது."

"நீங்களும் விழத்தான போறீக."

அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தனுஷ்கோடி அவரை ஒரு காகிதக் கட்டின் மேல் உட்காரவைத்தான். மஞ்சள் பனியன், நெஞ்சில் கம்பெனிப் பெயர். முழங்கைகளை மடக்கி வயிற்றோடு ஒட்டி, முன்னால் நன்றாகக் குனியச் சொன்னான். சைக்கிளை அப்புறம் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்வதாக ஏற்பாடு.

"முகத்துல வேகம் தெரியணும் பாய்."

அக்பர் பல்லைக் கடித்துக் கண்ணைச் சுருக்கினார்.

"இன்னும் கொஞ்சம் வேகம்."

இன்னும் கடித்தார். நெற்றி நரம்பு புடைத்தது.

"கீழ கொஞ்சம் இடம் விடணும் பாய், இல்லாட்டி..."

"கம்பெனி பேரை மேல போடுலே. கீழ பூரா சைக்கிள்தான். டயர்கூட வெட்டுப்படக் கூடாது."

"அதுக்கில்ல பாய்..."

"சொன்னதைச் செய்யி."

சீசன் நேரத்தில் தனுஷ்கோடி யாரிடமும் எதையும் மறுபடி எடுத்துச் சொல்வதில்லை. சொன்னதைச் செய்தான். புரூஃப் வந்தது. கீழே பளபளவென்று மஞ்சள் பந்தயச் சைக்கிள், மேலே பாய்ந்துவரும் அலி அக்பர். அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது, அவ்வளவு வேகம்.

இப்போது செயின்.

போனைப் போட்டார். "ஏலே தனுஷ்கோடி, செயினை ஏன் இடப்பக்கம் போட்ட?"

"சைக்கிள் அந்தப் பக்கம் பார்த்துச்சு, நீங்க இந்தப் பக்கம் பார்த்தீக. திருப்பிப் போட்டேன்."

"என்னைத் திருப்ப வேண்டியதுதான?"

"உங்களைத் திருப்புனா பனியன்ல உள்ள எழுத்தும் திரும்பிருமே பாய்."

"சரி, மாத்திப் போடு."

"நீங்க புரூஃப் சரின்னதுமே அட்டை பூராவும் அடிச்சாச்சு பாய். பைண்டிங்குக்குப் போயிருச்சு."

அக்பர் அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. ஊரில் சைக்கிள் மிதிக்காத ஆள் உண்டா? கடைக்குக் கடை தொங்கப் போகிற படம். சைக்கிளும் பொய், வீரமும் பொய் என்று பஜாரே சிரிக்கும். பருப்பு அக்பராகவாவது இருந்தவர் 'ஒட்டுப்பட அக்பர்' ஆகிவிடுவார்.

ஒரே வழிதான். காலண்டர் வெளியே போகும்போது படத்தில் உள்ள சைக்கிள் கையில் இருக்க வேண்டும், அச்சு அசலாக.

படத்தைச் சுருட்டிக்கொண்டு மதுரைக்குப் போனார். அங்கே சைக்கிள் கடைக்காரர் பொறுமையான மனிதர்.

"முதல் சைக்கிள்னா சாதாரண ரேஸ் சைக்கிளே போதும் சார். இந்த முன்கொம்பு, முழங்கை மெத்தையெல்லாம் பழகினப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல உங்க கால் அளவைச் சொல்லுங்க."

அக்பர் படத்தை விரித்தார். "இதுதான் வேணும்."

"இது ஆறடி ஆளுக்கு உள்ளது சார்."

"படத்துல நான்தான உட்கார்ந்திருக்கேன்?"

கடைக்காரர் ஆர்டர் புத்தகத்தை எடுத்தார். பெங்களூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்துவிட்டார்.

வந்த சைக்கிளில் அக்பர் ஏற வேண்டுமென்றால் பக்கத்தில் பருப்பு மூட்டை வேண்டும். இறங்கவும் மூட்டை வேண்டும். இரண்டு மூட்டைகளுக்கு நடுவே மட்டும் அவர் சுதந்திர மனிதர்.

செயினைக் கருப்பணனிடம் விட்டார். சாயங்காலம் வரை கழற்றி மாட்டிய கருப்பணன், இடப்பக்கச் செயினோடு வண்டியைச் சூலக்கரை ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு பாலத்துச் சுவரில் ஏறி அக்பர் உட்கார்ந்தார். முன்னால் மிதித்தார். மிதிகட்டை சும்மா சுற்றியது. பின்னால் மிதித்தார். சைக்கிள் பின்னால் போனது.

கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்த கூட்டம், குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு பின்னோக்கி வரும் ஒரு மனிதரைப் பார்த்து வழிவிட்டது.

"போட்டியை மறுகோடியில இருந்து ஆரம்பிக்கச் சொல்லலாமா பாய்?" என்றான் கருப்பணன்.

"வாயை மூடுலே. செயினைப் பழையபடி மாட்டு. இடப்பக்கம் சும்மா ஒண்ணு மாட்டு, பார்வைக்கு."

இப்படியாகச் சைக்கிளுக்கு இரண்டு செயின் ஆயிற்று. வலது செயின் ஓட்டியது. இடது செயின் அவருடைய கால்சட்டையைக் கடித்தது.

நசிமா கிழிந்த கால்சட்டையைத் தைத்துக் கொடுத்தார். "ஊரு சொன்னாச் சொல்லிட்டுப் போகுது. உங்களைப் பருப்புக்காரர்னு தெரிஞ்சுதான நான் கட்டிக்கிட்டேன்?" என்றார். அக்பர் தையலைத் தடவிப் பார்த்தார். ஆனாலும் மறுநாளும் மிதித்தார்.

மார்கழியில் காலண்டர் வந்த சமயம் அக்பர் மதுரையில் மைத்துனர் வீட்டில் தங்கிப் போட்டிப் பாதையில் பழகிக்கொண்டிருந்தார். கணக்குப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"காலண்டர் எல்லாருக்கும் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு மொதலாளி. எல்லாரும் உங்களைத்தான் விசாரிக்காக."

"என்ன கேட்காக?"

"எப்படி இருக்காகன்னு கேட்காக. அக்கறையாக் கேட்காக."

கணக்குப்பிள்ளை இத்தனை வருஷத்தில் முதலாளியிடம் கெட்ட சேதி சொன்னதே இல்லை. அக்பர் பூரித்துப்போனார். மறுநாள் காலை மதுரையிலிருந்து விருதுநகர் வரை சைக்கிளிலேயே வந்து பஜாருக்குள் நுழைந்தார்.

பஜார் எழுந்து நின்றது. மிளகாய் மண்டிக்காரர் கல்லாவை விட்டு இறங்கி வந்தார். "மெதுவா பாய், மெதுவா. இந்த நிலைமையில இது தேவையா?" என்றார். டீக்கடைக்காரர் கேட்காமலே இஞ்சிச் சாறு நீட்டினார். அக்பர் ஒரு மடக்குக் குடித்து, ஒரு வீரருக்குரிய அடக்கத்தோடு தலையசைத்தார். இடது செயின் தெரியும்படி வண்டியைச் சாய்த்துக் காட்டினார். யாரும் செயினைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை கேலி இல்லை. ஜெயித்தாயிற்று என்று நினைத்தார்.

கடை வாசலில் மூட்டையில் காலூன்றி இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. "யா அல்லா" என்று குனிந்தார்.

உள்ளே பருப்புப் புடைத்துக்கொண்டிருந்த வள்ளித்தாய் சுளகைப் போட்டுவிட்டு ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். ஏழாயிரம்பண்ணைக்காரி. வீட்டில் மற்றவர்களெல்லாம் வெடிக் கம்பெனிக்குப் போக, இவள் மட்டும் பருப்புக் கிடங்கு வேலைக்குப் பஸ் ஏறி வருகிறவள். கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணுமில்ல வள்ளித்தாய்" என்று நிமிர்ந்தார் அக்பர். "காலண்டரைப் பார்த்தியா? சைக்கிள் எப்படி இருக்கு?"

"சைக்கிளா? அது எங்கன இருக்கு மொதலாளி? உங்க இடுப்புக்குக் கீழ பூராவும் தேதித் தாளையில்ல வச்சு அடிச்சிருக்காக. பல்லைக் கடிச்சுக்கிட்டு வயித்தைப் பிடிச்சுக் குனிஞ்சிருக்கீகளே, எம்புட்டு வலியோன்னு எங்க தெருவே சேர்ந்து இருக்கன்குடி ஆத்தாளுக்கு மாவிளக்குப் போடுறதா நேர்ந்திருக்கோம்."