குழி வெட்டியாகிவிட்டது, மரம் முடிவாகவில்லை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ‘அனைவரும்’ என்ற சொல்லுக்குள் இப்போது நான் ஒருவன்தான் இருக்கிறேன், நானும் அவ்வளவாக நலமில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், வீட்டில் அக்கா சௌக்கியமாக இருப்பார் என்றும், என் மனைவி அங்கே உட்கார்ந்து என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பதில் பாதியையாவது நீங்கள் நம்பாமல் இருப்பீர்கள் என்றும் நினைக்கிறேன்.

நிற்க. எங்கள் வாசல் கேட்டுக்கும் வீட்டுப் படிக்கும் நடுவில் இருக்கும் துண்டு நிலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போன தடவை வந்தபோது வண்டியைப் பின்னால் எடுத்து என் ரோஜாத் தொட்டியை உடைத்தீர்களே, அதே இடம். அங்கே பூக்கிற மரமாக ஒன்று வைக்க வேண்டும் என்று உங்கள் தங்கை ஆசைப்பட்டாள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிகிறது, ஒரு மரம் நின்றால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்றாள். நியாயமான ஆசைதான். இடம் ஒரு மரத்துக்குத்தான் காணும். சரக்கொன்றை வைக்கலாமா, மந்தாரை வைக்கலாமா, உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டாள். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் இரண்டில் ஒன்றின் பேரைச் சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போயிருப்பான். நான், விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மரம் முடிவான பிறகு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது பாருங்கள், அதனால் அன்றைக்கே ஆள் வைத்து முழங்கால் ஆழத்துக்குக் குழியை மட்டும் வெட்டி வைத்தேன். என் வாழ்க்கையில் நான் சுறுசுறுப்பாகச் செய்த ஒரே காரியம் அந்தக் குழிதான்.

என் தொழில் உங்களுக்குத் தெரியாததல்ல. தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். வரிசையாகக் கிண்ணம் வைப்பார்கள். ஒரு கரண்டி உறிஞ்சி, வாயில் உருட்டி, துப்பிவிட்டு, இதைவிட அது மேல் என்று சொல்ல வேண்டும். விழுங்கக் கூடாது. பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்லவே கூடாது, சொன்னால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் வாய் அந்தப் பழக்கத்தை விடவில்லை. உங்கள் தங்கை காலையில் டீ கொண்டுவந்து வைத்தால் ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, ‘நேற்றைக்கு இது தேவலை’ என்பேன். அதைப் பாராட்டு என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே மர விஷயத்திலும் இரண்டையும் முறையாகப் பார்த்து, குணம் குற்றம் எடைபோட்டு, யாரும் வாய் திறக்க முடியாதபடி ஒரு தீர்ப்பு சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். கிளம்பியதுதான் கிளம்பினேன், மச்சான், இன்னும் போய்ச் சேரவில்லை.

கோடையில் கொன்றையைப் பார்த்தேன். அடுத்த தெருப் பல் டாக்டர் வீட்டு வாசலில் ஒன்று இருக்கிறது. இலையே தெரியாமல் மரம் முழுக்க மஞ்சள், சரம் சரமாகத் தொங்குகிறது. தினமும் போய் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்துகொண்டு ஒருவன் வாசலில் நிற்பதைப் பார்த்து, பல்வலிக்காரன் உள்ளே வரப் பயப்படுகிறான் என்று நினைத்து டாக்டரின் மனைவி என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். மரத்தைப் பார்க்க வந்தேன் என்று சொல்வதற்குள் டாக்டர் என் கடைவாயில் ஒரு சொத்தையைக் கண்டுபிடித்துவிட்டார். அது போகட்டும். இன்னொரு நாள், போன வருஷத்துக் காய் ஒன்று கீழே கிடந்தது, கைத்தடி நீளத்துக்கு, கறுப்பாக. உடைத்தால் உள்ளே கறுப்புப் பசை. வாசனை பார்த்தேன். வாசனை பார்த்த பிறகு ருசி பார்க்காமல் இருக்க என் நாக்குக்குத் தெரியாது. ஒரு விரல் எடுத்து வாயில் உருட்டினேன், துப்பத்தான் இருந்தேன், அந்த நேரம் பார்த்து டாக்டரின் மனைவி வெளியே வந்து பல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். ஒரு பெண்மணி அக்கறையாக விசாரிக்கும்போது அவர் வீட்டு வாசலில் எப்படித் துப்புவது? மரியாதைக்காக விழுங்கினேன். தொழிலில் ஒருநாளும் விழுங்காதவன் அன்றைக்கு விழுங்கினேன். கொன்றைக்காய் வயிற்றை எப்படிச் சுத்தம் செய்யும் என்று அக்காவைக் கேளுங்கள், சொல்வார். இரண்டு நாள் நான் எந்த மரத்தையும் பார்க்கவில்லை, கழிவறைக் கதவைத்தான் பார்த்தேன்.

மந்தாரை குளிர்காலத்தில் பூக்கிற ஜாதி. அதற்காக மழை முடியும்வரை காத்திருந்தேன். குழியும் காத்திருந்தது. பேப்பர் போடுகிறவர் குறி பார்த்து அதற்குள்ளேயே பேப்பரைப் போட்டார்; மழையில் தண்ணீர் நிறைந்து தவளைகள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தன. நான் அசரவில்லை. மின்சார அலுவலக வளாகத்தில் ஒரு மந்தாரை இருக்கிறது. ஊதாவும் வெள்ளையும் கலந்த பூ, ஒரேயடியாகக் கொட்டாமல் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பூக்கிறது. ஒரு பூ விரிந்து வாடுவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க அசையாமல் அதன் கீழே நின்றேன். சற்று நேரத்தில் எனக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார், அவருக்குப் பின்னால் ஒரு அம்மாள். ரசனையுள்ள ஊர்தான் என்று நானும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். கரண்ட் பில் கட்ட நிழலில் வரிசை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் அவர்கள் நின்றிருக்கிறார்கள் என்பது, வரிசை கேட் வரைக்கும் நீண்ட பிறகு, நான் பூ வாடிவிட்டது என்று திருப்தியாக வீட்டுக்குக் கிளம்பியபோதுதான் தெரிந்தது. அன்று என்னைத் திட்டியவர்களில் ஒருவரும் பூவைப் பார்க்கவில்லை.

இப்படி இரண்டையும் பார்த்து முடித்து வீட்டுக்கு வந்த அன்றுதான் அந்தக் காரியம் நடந்தது. உங்கள் தங்கை உங்களிடம் எப்படிச் சொன்னாளோ தெரியாது, நான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். துணி காயப்போட வாளியோடு வந்தவள் கால் தவறிக் குழிக்குள் இறங்கிவிட்டாள். விழவில்லை, இறங்கினாள், நின்றபடியே. தவளைகள் வெளியே குதித்தன. நான் ஓடினேன். ஓடிப்போய்க் கையைக் கொடுத்தேனா என்றால், அதுதான் இல்லை. அவள் காலைப் பார்த்தேன், சேறு எதுவரைக்கும் இருக்கிறது என்று பார்த்தேன். பார்த்துவிட்டு, ‘பரவாயில்லையே, இந்த ஆழம் மந்தாரைக்குச் சரியா இருக்கும். கொன்றைன்னா இன்னும் ஒரு சாண் வெட்டணும்’ என்றேன்.

உங்கள் தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். சேற்றில் நின்றபடியே என்னை நிமிர்ந்து பார்த்து, ‘எது ஒசத்தின்னு நான் உங்களைக் கேட்கவே இல்லை. எது பிடிக்கும்னுதான் கேட்டேன். இந்த வீட்டுல ஒண்ணாவது உங்களுக்குப் பிடிக்கும்னு ஒரு தடவை உங்க வாயால கேட்கணும். அதுவரைக்கும் நான் எங்க அண்ணன் வீட்டுல இருக்கேன்’ என்றாள். தானாகவே ஏறி வந்து, காலைக் கழுவி, பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாள். பின்னாலேயே கேட் வரைக்கும் போய், பகல் பஸ்ஸைவிட சாயங்கால பஸ்ஸில் கூட்டம் குறைவு என்று சொன்னேன். அதையும் சொல்லியிருக்கக் கூடாது.

அன்றிலிருந்து நான் ஒழுங்காக முயன்று பார்க்கிறேன். பஸ் ஸ்டாண்டு வழியில் ஒரு நர்சரி இருக்கிறது, ஒரு அம்மாதான் நடத்துகிறார். தினமும் போகிறேன். என்ன வேண்டும் என்று கேட்கிறார். கொன்றை, மந்தாரை இரண்டில் எது நல்லது என்று கேட்கிறேன். உடனே ஹோஸ் பைப்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பித் தண்ணீர் ஊற்றப் போய்விடுகிறார். மறுநாள் போய், சரி, எது சீக்கிரம் பூக்கும் என்று கேட்டேன். கன்று ஸ்டாக் இல்லை என்றார், என் கண்ணெதிரே இரண்டும் இருக்கின்றன. எதில் குப்பை குறைவு என்று கேட்டதற்கு, அப்புறம் வாங்க சார் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இப்படி வியாபாரம் செய்தால் கடை எப்படி உருப்படும்? வாடிக்கையாளன் ஒரு கேள்வி கேட்கக் கூடாதா?

வீட்டில் நானே டீ போட்டுக்கொள்கிறேன். உறிஞ்சிப் பார்த்துவிட்டு வழக்கம்போல் நேற்றையதோடு ஒப்பிடலாம் என்றால் நேற்றையதும் நான் போட்டதுதான், அதைவிட இது மோசம், இதைவிட நாளைக்கு மோசமாக இருக்கும் என்று இப்போதே தெரிகிறது. சமையலறை ஜன்னலில் நின்று அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷம் அவள் இதையா பார்த்துக்கொண்டிருந்தாள்? எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, மச்சான். உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், அவள் இல்லாமல் எனக்கு ஒண்ணும் ஓடல. இதை நேரில் அவளிடம் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். சொல்ல வாயைத் திறந்தால் எனக்கு வேறு ஏதாவதுதான் வருகிறது, பஸ்ஸில் கூட்டம் குறைவு என்பது மாதிரி.

ஆகவே நான் யோசித்து வைத்திருக்கும் வழி இது. நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சோடு பேச்சாக, ஏம்மா, உனக்குக் கொன்றை பிடிக்குமா மந்தாரை பிடிக்குமா என்று உங்கள் தங்கையைக் கேளுங்கள். நான் கேட்கச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவள் சொல்லும் பேரை எனக்கு ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். நான் அந்த மரத்தை வாங்கி நட்டுவிட்டு, இதுதான் எனக்கு ஆதியிலிருந்தே பிடிக்கும் என்று அடித்துச் சொல்லிவிடுகிறேன். பிடித்தம் என்னுடையதாகவும் இருக்கும், தேர்வு அவளுடையதாகவும் இருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. உடைந்த ரோஜாத் தொட்டியைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை என்பதையும் இந்த இடத்தில் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். குழந்தைகளுக்கு ஆசி. உங்கள் முழங்கால் இன்னும் பல படிகள் ஏறட்டும். எல்லாரும் நன்றாக இருங்கள், அப்படி இருக்கும்போது என்னையும் ஒரு ஓரமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்
(இன்றுவரை)

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டியில் போடப் போகிற வழியில் நர்சரியைத் தாண்டினேன். வாசலிலேயே ஒரு மந்தாரைக் கன்று இருந்தது, என் இடுப்பு உயரம்கூட இல்லை, அதற்குள் என்ன அவசரமோ, ஒரே ஒரு பூ. அந்த அம்மா என்ன வேண்டும் என்றார். கொன்றை எங்கே இருக்கிறது என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘எனக்கு இது பிடிச்சிருக்கு’ என்று வாயில் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று இன்னும் தெரியவில்லை. அந்த அம்மா ஹோஸ் பைப்பைக் கீழே போட்டார், கன்றைத் தூக்கி என் கையில் கொடுத்தார், போனை எடுத்தார். உங்கள் தங்கை பஸ் ஏறப் போகிற வழியில் அங்கே நுழைந்து, இப்படி இப்படி ஒருவர் வருவார், எது நல்லது என்று கேட்டால் கொடுக்காதீர்கள், பிடித்திருக்கிறது என்று சொன்னால் எது என்றாலும் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு போன் போடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். நான் அந்த அம்மாவின் வியாபாரத்தைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும்.

மிச்சம் உங்களுக்கே தெரியும், அவளைப் பஸ் ஏற்றிவிட்டதே நீங்கள்தானாம். ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டதால் கடிதத்தை வீணாக்க மனமில்லை, அனுப்புகிறேன். சாயங்காலம் வந்து இறங்கினாள். கன்றை நட்டு, மண்ணை மிதித்து, பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘மந்தாரையா? கொன்றைன்னா ஜன்னலுக்கு இன்னும் எடுப்பா இருந்திருக்கும்’ என்றாள். நான் கன்றுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். உறிஞ்சவில்லை, உருட்டவில்லை, சாதாரண மனுஷன் மாதிரி முழுவதையும் குடித்தேன். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லியும்விட்டேன்.

‘எதைவிட?’ என்று கேட்கிறாள், மச்சான்.