வெறுங்கால் அண்ணாச்சி பார்த்த எட்டாவது வண்டி

திருநெல்வேலியில் பழைய கார் விற்கிறவர்கள் சாமிக்குப் பயப்படுகிறார்களோ என்னவோ, வெறுங்கால் அண்ணாச்சியின் உள்ளங்கால்களுக்குப் பயப்படுகிறார்கள். அவர் தெருமுனையில் திரும்பினாலே நன்றாக ஓடுகிற வண்டிகூடக் கொஞ்சம் திணறும் என்று வண்ணார்பேட்டையில் ஒரு புரோக்கர் என்னிடம் சொன்னார். பொய் சொல்லியே பிழைக்கிற மனிதர் அவர். இது ஒன்றை மட்டும் உண்மையாகச் சொன்னார் என்று நம்புகிறேன்.

அண்ணாச்சியின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பழக்கமான பிறகு கேட்கக் கூச்சமாகிவிட்டது. அவரிடம் கார் கிடையாது, கார் ஓட்டவும் தெரியாது. பாளையங்கோட்டையிலிருந்து எங்கே போவதென்றாலும் டவுன் பஸ்தான். ஆனால் ஊரில் யாராவது பழைய கார் வாங்குவதென்றால், மெக்கானிக்கிடம் காட்டுவதற்கு முன்னால் அவரிடம் காட்டுவார்கள்.

அவர் வண்டி பார்க்கிற விதம் வேறு. பானெட்டைத் திறக்கமாட்டார். தகரத்தைத் தட்டிப் பார்க்கமாட்டார். செருப்பைக் கோவில் வாசலில் விடுவதுபோல ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு, பின்சீட்டின் நடுவில் ஏறி உட்காருவார். இரண்டு உள்ளங்கால்களையும் வண்டியின் தரையில் அழுத்தி ஊன்றுவார். கண்ணை மூடிக்கொண்டு, “எடும்” என்பார். அவ்வளவுதான். வண்டி ஓடி முடிக்கும்போது அதன் ஜாதகம் அவர் காலில் ஏறியிருக்கும்.

இளவயதில் அவர் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவர். அங்கே இயந்திரச் சத்தத்தில் காது போய்விட்டது. காது போன இடத்தில் கால் வந்துவிட்டது. வெறுங்காலோடு தரையில் நின்று, மூன்றாவது வரிசையில் ஏழாவது மிஷின் நாளைக்கு நின்றுவிடும் என்று சொல்வாராம். மறுநாள் அது நிற்குமாம். மேஸ்திரிகள் அவரை வேலைக்கு வைத்திருந்தார்களா, கும்பிட்டுக்கொண்டிருந்தார்களா என்று தெரியவில்லை.

காது கேட்காத ஒருவர் எப்படி வண்டி பார்க்க முடியும் என்று நானும் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. பழைய கார் விற்கிறவனுக்கு வாய்தான் முதல். ஒரே டாக்டர் ஓட்டியது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்தது, மழையில் நனையாதது என்று அவன் பேசப்பேச, நம் கண்ணுக்கு ஓட்டை வண்டியும் தேராகத் தெரியும். அண்ணாச்சிக்கு அந்தப் பேச்சு எதுவும் கேட்காது. அவன் கை கால் ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பான். இவர் கண்ணை மூடி, வண்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். கூலி இரண்டு உளுந்த வடையும் ஒரு டீயும். மூன்றாவது வடையை வைத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நான் அவரிடம் போன காரணத்தைச் சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நானும் என் மனைவி பாக்கியமும் பைக்கில் போகும்போது ஒரு நாய் குறுக்கே ஓடியது. எனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு வலது முழங்கால் போய்விட்டது. கம்பி வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, முழங்கால் மடங்கவில்லை. ஊன்றுகம்போடு மூன்று தெரு நடப்பாள். பஸ்ஸில் ஏற முடியாது. ஆட்டோவில் ஏறினால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே வருகிறவன் அதற்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும். ஒருமுறை வாடகைக் கார் வைத்து, பின்சீட்டில் நீட்டிப் படுக்க வைத்துக் கூட்டிப்போனேன். “என்னைய என்னமோ பொணத்தக் கொண்டு போற மாதிரி இருக்கு. இனிமே நான் எங்கயும் வரல” என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்கு ஒரே அக்கா, விக்கிரமசிங்கபுரத்தில். அக்காவின் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. அவரை விட்டு அக்கா வாசலைத் தாண்ட முடியாது. இவளும் போக முடியாது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒன்றரை வருஷம். தினமும் நான்கு மணிக்குப் போனில் பேசுவார்கள். பேசி முடித்ததும் பாக்கியம் போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

நான் வாழையிலை வியாபாரம். இலைக்கட்டு ஏற்ற ஒரு லோடு ஆட்டோ வைத்திருக்கிறேன். “அந்த இலைக்கட்டு மேல காலை நீட்டி உக்காந்துக்கிடுதேன், அக்கா வீட்டுல கொண்டு எறக்கி விட்டிருங்க” என்று ஒருநாள் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே ஒரு சின்னக் கார், பழையதாக இருந்தாலும் சரி, வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

அண்ணாச்சி வழக்கமாக உட்காரும் டீக்கடைக்குப் போனேன். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும், ரயில்வே கேட் வரைக்கும் கேட்கிற குரலில் அவர் கேட்டார்.

“வண்டி யாருக்குவே?”

நான் கூச்ச சுபாவம். இறங்க வேண்டிய இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிற ஆள். அத்தனை பேர் நடுவில், என் மனைவியின் முழங்காலைப் பற்றி அவர் காதுக்கு எட்டுகிற மாதிரி எப்படிக் கத்துவேன். “வீட்டுக்கு” என்றேன். அது அவருக்குக் கேட்கவில்லை. டீ மாஸ்டர் எனக்காக, “வீட்டுக்காம் அண்ணாச்சி” என்று கத்தினார். அண்ணாச்சி தலையாட்டிக்கொண்டார்.

நான் செய்த தப்பு அதுதான். அந்த ஒரு சொல்லோடு விட்டதால் ஏழு வண்டி ஏறி இறங்கினோம்.

முதல் வண்டி பளபளவென்று இருந்தது. கோயம்புத்தூரில் லேடி டாக்டர் ஓட்டியது என்றார் புரோக்கர். அண்ணாச்சி ஏறிக் காலை ஊன்றினார். வண்டியை எடுக்கச் சொல்லவே இல்லை. குனிந்து, கால் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, அடியில் நகத்தால் சுரண்டி, விரலில் ஒட்டிய மண்ணைத் தேய்த்து மோந்து பார்த்தார்.

“இது வெள்ளத்துல முங்குன வண்டி” என்றார். “ஸ்ரீவைகுண்டம் பக்கம், வாழைத் தோட்டத்துக்குள்ள ரெண்டு நாள் கெடந்திருக்கு.”

புரோக்கர் கையை ஆட்டி ஏதேதோ பேசினார். அண்ணாச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்காத மனிதரிடம் எவ்வளவு நேரம்தான் பொய் சொல்ல முடியும். கடைசியில் அந்த ஆள் சோர்ந்து, என்னிடம் திரும்பி, வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் தன் மச்சானுடையது என்றார். ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது அது தோட்டத்தில்தான் கிடந்ததாம். “எந்தத் தோட்டம்னு கேட்டுச் சொல்லணுமா, அவரே சொல்லிருவாரா?” என்று என் காதில் கேட்டார். எனக்குப் புல்லரித்துவிட்டது. இருபது வருஷமாக வாழையிலை கட்டுகிற எனக்கு அந்த மண் தெரியவில்லை.

இன்னொரு வண்டியை நாங்குநேரி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று விற்கிறவர் மீட்டரைக் காட்டினார். அண்ணாச்சி பின்சீட்டிலிருந்து இறங்கி, முன்னால் வந்து, பிரேக் பெடலின் மேல் வெறுங்காலை வைத்தார். ரப்பர் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது.

“முப்பதாயிரத்துல இப்படித் தேயாதுவே. இது மூணு தடவ உலகத்தச் சுத்தி வந்த வண்டி.”

ஓட்டினவருக்குக் கால் கொஞ்சம் பெரிது என்றார் விற்கிறவர். நான் அதை அண்ணாச்சிக்குக் கத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஆளின் காலைக் காட்டச் சொல்லியிருப்பார்.

இப்படி ஒன்று சக்கரத்தில் அடி வாங்கியது, ஒன்று இரண்டு வண்டியை வெட்டி ஒட்டியது, ஒன்று எதனாலோ அழுகிறது என்று ஏழு வண்டி கழிந்தது. அழுகிறது என்று அவர் சொன்ன வண்டியை வேறொருவர் வாங்கினார். மூன்றாம் வாரம் அவரும் அழுதார்.

ஒவ்வொரு நாளும் நான் வீட்டுக்கு வந்து அண்ணாச்சியின் பெருமையைச் சொல்வேன். பாக்கியம் ஒருநாள் பொறுமை இழந்துவிட்டாள். “அவரு கால வச்சு நீங்க கார் வாங்குததுக்குள்ள, எங்காலு தன்னால மடங்கிரும்” என்றாள்.

எட்டாவது வண்டி எங்கள் தெருவிலிருந்து மூன்று தெரு தள்ளி, ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் வீட்டில் நின்றது. சின்ன வெள்ளைக் கார். பக்கம்தானே என்று பாக்கியமும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். டீச்சர் விற்கத் தெரியாதவர். பின்பக்கக் கண்ணாடி இறங்காது, வைப்பர் கிறீச்சிடும், இரண்டாம் கியரில் குலுக்கும், மழையில் டிக்கிக்குள் தண்ணீர் வரும் என்று எடுத்தவுடனே நான்கு குறை சொன்னார். அண்ணாச்சிக்கு அது கேட்கவில்லை. அவர் ஏறி உட்கார்ந்தார். நான் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன். உட்கார்ந்தபடியே அண்ணாச்சி குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, டீச்சர் பரீட்சைத் தாள் திருத்துகிறவர்போலத் தலையாட்டினார். ஐந்தாவதாக, இன்ஜின் உட்கார்ந்திருக்கிற ரப்பர் நைந்துவிட்டது என்றார் அண்ணாச்சி.

“நாலு சரி. அஞ்சாவது எனக்கே தெரியாது” என்றார் டீச்சர்.

“வேண்டாம்வே, எறங்கும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அண்ணாச்சி இன்னும் ஏதோ மிச்சமிருப்பதுபோலத் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் இறங்கினேன். பாக்கியம் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்த டீச்சர், முன்கதவைத் திறந்து, கொஞ்சம் உட்காரச் சொன்னார். சீட்டுக்கு அடியில் ஒரு கம்பியை இழுத்தார். சீட் பின்னால் போனது. போய்க்கொண்டே இருந்தது. அவருடைய வீட்டுக்காரர் ஆறடிக்கு மேல் உயரமாம். வண்டியை டீச்சர்தான் ஓட்டுவாராம். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருவாராம். அவர் காலை நீட்டுவதற்காக, சீட் நகரும் தண்டவாளத்தைப் பட்டறையில் கொடுத்து நீளமாக்கியிருக்கிறார்கள். அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது.

பாக்கியம் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். பையப் பைய உடம்பைத் திருப்பி, வலது காலை உள்ளே கொண்டுவந்தாள். கால் முழுவதும் உள்ளே போனது. நீட்டினாள். எதுவும் இடிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, முன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வாங்குங்கள் என்று கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால்கூட நான் கூச்சப்பட்டுச் சும்மா இருந்திருப்பேன்; கேட்காத அந்தப் பார்வைதான் தாங்கவில்லை.

நான் தெருவில் நின்று கத்தினேன்.

“அண்ணாச்சி, எம் பொஞ்சாதிக்கு மொழங்கால் மடங்காது. ஒன்னர வருசமா அவ எந்த வண்டியிலயும் கால உள்ள வச்சு உக்காரல. இதுல உக்காந்திருக்கா.”

அவர் கண்ணைத் திறந்து “ஆங்?” என்றார். அத்தனையையும் இன்னொரு தரம் கத்தினேன். எதிர் மாடியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பால்காரர் பைக்கை நிறுத்திவிட்டார். அவள் அக்கா விக்கிரமசிங்கபுரத்தில் இருப்பது வரைக்கும் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அண்ணாச்சி முன்சீட்டின் மேலாக எட்டி, பாக்கியத்தின் நீட்டிய காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஏன்வே, ஏழு வண்டியில என்னைய ஏத்தி எறக்குனீரே. இத மொதல்லயே சொல்ல ஒமக்கு வாய் இல்லையா?” என்றார். பிறகு, அவரால் முடிந்த அளவுக்குச் சின்னக் குரலில் சொன்னார். “நான் எங்காலுக்குல்லா வண்டி பாத்துக்கிட்டிருந்தேன்.”

அவர் கீழே இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்கும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

பார்த்துக்கொண்டார். நான்கு நாள் காலையில் பஸ் பிடித்து மெக்கானிக் பட்டறைக்குப் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ரப்பர் மாற்றினால், இன்னும் நடுங்குகிறது என்பார். திரும்ப முடுக்கினால், இடது பக்கம் மட்டும் நடுங்குகிறது என்பார். மூன்றாம் நாள் மெக்கானிக் எனக்குப் போன் செய்து, கூலியே வேண்டாம், அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று கெஞ்சினார்.

நான்காம் நாள் பாக்கியத்தை முன்சீட்டில் வைத்து, என்னை ஒரு மைதானத்துக்குள் பள்ளமும் மேடும் பார்த்து ஓட்டச் சொன்னார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் குனிந்து, “ஒனக்கு எப்படி இருக்கும்மா? வலிக்கா?” என்று கேட்டார். அவள் பதிலைக் கேட்கக் காதைக் கொண்டுபோய் அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். “வலிக்கல அண்ணாச்சி” என்று அவள் கத்தும் வரை விடவில்லை. அத்தனை வருஷத்தில் அவர் இன்னொருவர் காலிடம் கருத்துக் கேட்டது அன்றைக்குத்தான் என்று மெக்கானிக் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விக்கிரமசிங்கபுரத்துக்குக் கிளம்பினோம். அண்ணாச்சி கோயிலுக்குப் போய்விட்டு, வெள்ளை வேட்டியோடு வழியனுப்ப வந்தார். பாக்கியம், நீங்களும் வந்தால்தான் நான் ஏறுவேன் என்று அடம்பிடித்து அவரைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டாள். சேரன்மகாதேவி தாண்டும் வரை அக்காவிடம் போனில், இதோ இந்த மரம் வந்துவிட்டது, இந்தப் பாலம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வெயில் ஏறியது. இரண்டு பக்கமும் வயல்.

வீரவநல்லூர் பக்கம் கண்ணாடியில் பார்த்தேன். அண்ணாச்சி இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஓடுகிற வண்டியில் அவர் தூங்கி யாரும் பார்த்ததில்லை.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு மாட்டுக்கூட்டம் ரோட்டை மறித்து நின்றது. ஹாரன் அடித்தால் அவருக்குக் கேட்காதுதான். ஆனாலும் நான் அடிக்கவில்லை. அவையாகவே நகரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.