உயர டம்ளரில் பானகம்

பயம் வந்துவிட்டால் எனக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். சொல்லக் கூடாதது மட்டும் சத்தமாக வாயில் வரும்.

எண்பதுகளின் கடைசியில் இராஜபாளையத்தில் ஒரு மழலையர் பள்ளியில் டீச்சராக இருந்தேன். (பத்தாவது பாஸ். அந்தக் காலத்துக்கு அது போதும்; எனக்குத்தான் போதவில்லை.) ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்குக் குழந்தை வளர்ச்சிப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி அம்மா ஒரே அளவுத் தண்ணீரை அகல டம்ளரிலும் ஒல்லியான உயர டம்ளரிலும் ஊற்றிக் காட்டினார்.

"நாலஞ்சு வயசுப் பிள்ளைக்கு உயரமா இருக்கறதுதான் நிறையன்னு தோணும். அந்த வயசு அப்படி. பிள்ளை எப்படி யோசிக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பாடம் நடத்துங்க."

ஆண்டாள் சந்நிதியில் தீபாராதனை பார்த்ததுபோல் சிலிர்த்துப்போனேன்.

அடுத்த மாதமே பள்ளியைப் பார்வையிட அதிகாரி வருவதாகச் சேதி. பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"பயிற்சிக்குப் போனவ நீதான, செஞ்சு காட்டு. சொதப்புனேன்னு வையி, பொறவு உன்னைய வச்சுக்கிட முடியாது, ஆமா."

என் வீட்டுக்காரருக்கு அப்போது மில்லில் வேலை நின்றிருந்தது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அன்றிலிருந்து கனவில்கூட டம்ளர்கள்தான் வரிசையாக வந்தன.

அதிகாரி வந்தது புரட்டாசி சனிக்கிழமை. வெறும் தண்ணீர் என்றால் பிள்ளைகள் கவனிக்காது என்று, காலையில் பெருமாளுக்குப் படைத்த பானகத்தையே தூக்குவாளியில் கொண்டுபோனேன். அவரும் துணைக்கு இருப்பாரே! (பாவம், அவரையும் சேர்த்து மாட்டிவிட்டேன்.)

வெள்ளை வேட்டியில் வந்த அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில், "பெருமாள் பிரசாதம்" என்று சொல்லிக்கொண்டே வாளியைத் திறந்தேன். பிள்ளைகள் கும்பிட்டன. ஒரே மாதிரி இரண்டு அகல டம்ளரில் சமமாக ஊற்றிக் காட்டினேன். பிறகு ஒன்றில் இருந்ததை உயர டம்ளருக்கு மாற்றினேன்.

"எதுல நிறைய இருக்கு?"

முத்துலட்சுமி கைகூப்பியபடி எழுந்தாள். "பிரசாதத்துல கூடக் கொறையப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக டீச்சர்? ரெண்டும் ஒண்ணுதான்."

சுண்டலுக்குச் சண்டை போடாமல் இருக்க நான் சொல்லிக் கொடுத்ததுதான். வகுப்பே கைகூப்பியது. "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்!"

அதிகாரிக்கு மகிழ்ச்சி. "அடடே, அம்புட்டுப் பிள்ளையும் சரியாச் சொல்லுதே!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பயிற்சியில் சொன்னபடி வரவில்லையே! வேலை போச்சு என்ற பதற்றத்தில் கத்தினேன்:

"இல்லீங்கய்யா, இதுக தப்பாச் சொல்லணும்! எங்க பிள்ளைக நல்லாத் தப்பாச் சொல்லும்ங்கய்யா!"

"ஏட்டி, வாய மூடு" என்று பின்னாலிருந்து பெரிய டீச்சர் பல்லைக் கடித்தார்.

அதிகாரி என் முகத்தைப் பார்த்து இரங்கினார். "சரி விடுங்கம்மா. பிள்ளைகளுக்குப் பிரசாதத்தைக் குடுங்க."

"வந்து எடுத்துக்கோங்க" என்றேன். அவ்வளவுதான். மொத்த வகுப்பும் உயர டம்ளர் மேல் பாய்ந்தது. அகல டம்ளரை ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு! எனக்கு! இதுலதான் நெறைய!" முதல் ஆளாக முத்துலட்சுமி.

டம்ளர் கவிழ்ந்து, வெல்லமும் சுக்குமாக அதிகாரியின் மடியில் பானகம் ஓடியது. பெரிய டீச்சர் நெஞ்சைப் பிடித்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது இது:

"பாத்தீங்களாய்யா? தப்பாத்தான் சொல்லுதுக!"

அதிகாரி வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குலுங்கிச் சிரித்தார். "புரிஞ்சுதும்மா. தொடை வரைக்கும் புரிஞ்சுது."

வேலை நிலைத்தது. பெருமாள் புண்ணியம்.

இப்போதும் வீட்டில் பாயசம் வைத்தால், என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கைகூப்பி, "பிரசாதத்துல கூடக் கொறையப் பாக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே உயர டம்ளரை எடுத்துவிடுவார். பேரப்பிள்ளைகள் வரை அது பரவிவிட்டது. எங்கள் வீட்டில் உயர டம்ளர் ஒன்றுதான். அதனால் பாயசம் வைக்கும் நாளில் காலையிலேயே அதை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவிடுவேன்.

எனக்குத்தான்.